ராசாத்தியின் படம் இருந்த கட்டம்

2 ஜூன் 2025, திங்கள்

காலையிலேயே பீமராவ் சார் புது வேலையைத் தலையில் கட்டிவிட்டார். புத்தூரில் தெம்பு அறக்கட்டளை என்று ஒன்று, ஊர் ஊராகக் காசநோய் முகாம் நடத்துகிறவர்கள். பதினான்கு வருடத்துப் புகைப்படங்கள், நாற்பதாயிரத்துக்கு மேல், எல்லாம் ஒரே டிஜிட்டல் கிடங்கில். முகாமில் பெரிய திரையில் ஓட நான் ஒரு வெப் ஆப் எழுத வேண்டுமாம். படங்கள் கிடங்கிலிருந்து தானாக வந்து கட்டம் கட்டமாக உட்கார வேண்டுமாம்.

கிடங்கோடு பேச ஒரு கிளையண்ட் லைப்ரரி கொடுத்திருக்கிறார்கள். நம் ஆப் சார்பில் அங்கே போய், இன்ன படம் வேண்டும் என்று கேட்டு வாங்கி வரும் ரெடிமேட் புரோகிராம். நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் ‘எதற்காக?’ என்று கேட்கிறது. காரணம் சொல்லாவிட்டால் படம் கிடையாது. ஏம்பா, பாஸ்போர்ட்டா கேட்டேன்? ஒரு போட்டோதானே!

படம் ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு விவரம் வேறு. யார், எந்த ஊர், யார் அனுமதி, எதற்காக, எதுவரை... இதையெல்லாம் நிரப்புகிறவர் ஷரீபா என்று அங்கே ஒரு மேடமாம். அவருக்கு வேறு வேலையே கிடையாதா?

5 ஜூன், வியாழன்

வந்துவிட்டது! ஏழே வரி எழுதினேன், படம் வந்து நிற்கிறது. இந்த லைப்ரரியை எழுதின மகராசன் யாரோ, நன்றாக இருக்கட்டும். எங்கே தப்பு செய்தாலும் திட்டாமல், ‘இதை விட்டுவிட்டீர்கள், இப்படி எழுதுங்கள்’ என்று சொல்கிறது. நம் ஆபீசில் யார் அப்படிச் சொல்கிறார்கள்?

முதலில் வந்தது மருங்காபுரி ராசாத்தி. குணமாகி ஆறு வருடமாகிறது. கட்டிலில் உட்கார்ந்து, உள்ளங்கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு, யாரோ ஜோக் சொன்ன மாதிரி சிரிக்கிறார். முகப்பில் முதல் கட்டம் அவருக்குத்தான்.

10 ஜூன், செவ்வாய்

சாருக்குக் காட்டினேன். படங்கள் ஆடி அசைந்து வருகின்றன. “படம் வர்றதுக்குள்ள நான் காபி குடிச்சிட்டே வந்துடலாம் போலிருக்கே” என்றார். ரோஷம் வந்துவிட்டது எனக்கு. முகாமுக்கான 412 படங்களையும் ஒரே தடவையில் வாங்கி நம் சர்வரிலேயே நகல் வைத்துவிட்டேன். இனி கிடங்கைக் கேட்கவே வேண்டாம். இப்போது பறக்கிறது.

“அரவிந்தவல்லின்னா சும்மாவா” என்றார் சார். காவிரிப் பாலத்தில் பஸ் அரை மணி நேரம் நின்றும் எனக்குக் கோபமே வரவில்லை.

17 ஜூன், செவ்வாய்

புத்தூர் போனேன். ஷரீபா மேடத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் ஷரீபா அக்கா ஆகிவிட்டார்.

அந்தப் பன்னிரண்டு விவரத்தைக் கேலி செய்தேனே, எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். வருடத்துக்கு ஒரு தடவை, படத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் அவரே போன் செய்கிறார். “போன வருஷம் சரின்னீங்க. இந்த வருஷமும் போடலாமாங்க? வேணாம்னாலும் சொல்லுங்க, ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம்.” ஒருவர் வேண்டாம் என்றார். கிடங்கில் அனுமதியை எடுத்துவிட்டு, சரி என்றவருக்குச் சொன்ன அதே குரலில் அவருக்கும் நன்றி சொன்னார். பேத்தி பிறந்தது, மாடு செத்தது எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறார். எனக்கு அவை வெறும் படங்கள். அவருக்கு ஒவ்வொன்றும் ஓர் ஆள்.

பிரமாதம் அக்கா என்று பத்து தடவை சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தேன்.

24 ஜூன், செவ்வாய்

பெருமாளே.

பதினொரு மணிக்கு ஷரீபா அக்கா போன். “வல்லி, ராசாத்தி கூப்பிட்டாங்க. அவங்க மக கனிஷ்காவைப் பொண்ணு பார்க்க ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராங்களாம். பையனுக்குப் பொன்மலை ஒர்க்‌ஷாப்புல வேலை. நம்ம வெள்ளிக்கிழமை முகாம் அங்கதானே? ‘எனக்கு வந்து போன வியாதியை நானே என் வாயால சொல்லிக்கிறேன், போட்டோ முந்திக்கக் கூடாது’ன்னாங்க. உடனே அனுமதியை எடுத்துட்டேன். எங்க வெப்சைட்டுல போயிடுச்சு. உங்களோடதுல மட்டும் இன்னும் சிரிச்சுக்கிட்டு இருக்காங்களே, ஏங்க?”

ஏனா? நான்தான். என் நகல்தான். அந்த லைப்ரரி ஒவ்வொரு தடவையும் ‘எதற்காக’ன்னு கேட்டது சும்மாவா கேட்டது? இந்த வேலைக்கு, இன்னிக்கு, இவங்க சம்மதம் இருக்கான்னு பார்க்கத்தானே கேட்டது! வாசல்ல நிக்கிற ஆளை வழிமறிக்கிறான்னு நினைச்சு, பின்பக்கமா சுவரேறிக் குதிச்சு அள்ளிண்டு வந்திருக்கேன். அதுக்குப் பாராட்டு வேற! போன வாரம் அந்த அக்கா பக்கத்துலயே உட்கார்ந்து அனுமதியை எடுக்கறதைப் பார்த்தேனே, அப்பக்கூட மண்டையில உறைக்கலையே. ஒரு பொண்ணோட கல்யாணம். என் அவசரத்தால.

எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். “சரி, அதை விடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிடுமா?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

25 ஜூன், புதன்

ராசாத்தியின் நகலை மட்டும் அழித்துவிட்டால் போதும் என்றார் சார். ஒரு நிமிஷ வேலை. கை கீபோர்டு வரை போனது. அப்புறம் 412 நகலையும் கிடங்கோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இந்த இரண்டு வாரத்தில் இன்னும் மூன்று பேர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரும் நம்மிடம் பத்திரமாக இருக்கிறார்கள்!

“மொத்தத்தையும் தூக்கறேன் சார்.”

“மறுபடி ஆமை மாதிரி ஓடுமேம்மா.”

“ஓடட்டும் சார்.”

நகல் அத்தனையையும் அழித்து, ஒவ்வொரு படத்தையும் மறுபடி கிடங்கிடமே கேட்டு வாங்க வைத்தேன். ராசாத்தியின் கட்டம் சாம்பல் நிறமானது. அப்பாடா.

பிறகுதான் லைப்ரரியின் விளக்கப் பக்கங்களை முதலிலிருந்து ஒழுங்காகப் படித்தேன். படத்தைத் திரைக்கு வேண்டிய அளவில் சிறிதாக்கித் தா என்று கேட்க ஒரு வழி, ஆறாம் பக்கத்திலேயே இருக்கிறது. நான் போஸ்டர் சைஸ் படத்தைக் கேட்டுவிட்டு மெதுவாக வருகிறது என்று அழுதிருக்கிறேன். ஒரே ஒரு சொல் சேர்த்தேன். நகல் இல்லாமலே பறக்கிறது. என் அவசரத்தைக்கூட எதிர்பார்த்து எழுதி வைத்திருக்கிறார் அந்த மனிதர். எங்கே இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு.

27 ஜூன், வெள்ளி

பொன்மலை முகாம். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் போனேன். ஷிப்ட் முடிந்து சைக்கிளிலும் வண்டியிலும் வந்தவர்கள் திரை முன்னால் நின்று பார்த்தார்கள். இதில் எவன் அந்தப் பையன்? ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். முதல் கட்டம் சாம்பலாகவே இருந்தது. “இது ஏம்மா காலியா இருக்கு?” என்று ஒருவர் கேட்டார்.

“அவங்க இன்னிக்கு வரலைங்க” என்றேன்.

30 ஜூன், திங்கள்

அக்காவிடம் கேட்டேன். காபி கொடுக்கும் முன்பே ராசாத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். வந்தவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போய்விட்டார்களாம். நாள் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. காவிரிக்கரையில் அம்மா மண்டபம் பக்கம் கால் வைக்க முடியவில்லை. கூட்டத்தில் நிற்கும்போது அக்காவின் மெசேஜ்: ஆவணியில் கனிஷ்காவுக்குக் கல்யாணம். அதே பையன். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத அம்மாளிடம் சொல்லிச் சிரித்தேன்.

8 அக்டோபர், புதன்

வேறு வேலையாகப் புத்தூர் போயிருந்தேன். அக்கா அறையில் மூன்று பெண்கள். ராசாத்தியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவருக்குத்தான் என்னைத் தெரியாது. பக்கத்தில் மகள் கனிஷ்கா. மூன்றாவது, கனிஷ்காவின் மாமியார். மூன்று வாரமாக இருமலாம், வீட்டில் யாரிடமும் சொல்லாமல் சம்பந்தியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். சளி டெஸ்டுக்கு ராசாத்தியே கையோடு கூட்டி வந்துவிட்டார்.

“பயப்படாதீங்க சம்பந்தி, நான் இல்ல?” என்று அந்த அம்மாளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, அக்கா பக்கம் திரும்பினார். “என் போட்டோவத் திரும்பப் போட்டுருங்க. பழசு வேணாம், அதுல பல்லுதான் தெரியுது. இப்பப் புதுசா எடுங்க.”

அக்கா எடுத்தார். பன்னிரண்டு விவரத்தையும் நிரப்பினார். “எதற்காகன்னு கேக்குது, என்னன்னு போடட்டும்?”

ராசாத்தி கொஞ்சம் யோசித்தார். “சொல்லப் பயப்படுறவங்க பாக்கட்டும்னு போடுங்க.”

அக்கா அப்படியே தட்டினார். நான் போனில் நம் ஆப்பைத் திறந்தேன். மூன்று மாதமாகச் சாம்பலாக இருந்த முதல் கட்டத்தில், மாம்பழ மஞ்சள் புடவையில் ராசாத்தி, வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை.