குண்டனிடம் கத்தாதே

அண்ணா,

தையல் கடையில் இன்று எனக்கு முதல் நாள், அதனால் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். மாலையில் குண்டனைப் பூங்காவுக்கு நீதான் அழைத்துப் போக வேண்டும். கழுத்துப்பட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.

நேற்றுப் பூங்காவில் நீ, கண்டக்டராகப் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற குரலில், "உட்காருடா!" என்று கத்தினாய். பெஞ்சிலிருந்து எழுந்த பெரியவர் திரும்பவும் உட்கார்ந்துவிட்டார். குண்டன் மட்டும் நின்றான். "பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவ நாய்க்கு வாத்தியாராம்! நாளைக்கும் உட்காரலன்னா வாட்ச்மேன்கிட்ட குடுத்துடுவேன்" என்றாய்.

அவன்மேல் தப்பில்லை. பூங்காவில் யாரும் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே என்று எல்லாவற்றையும் நான் கிசுகிசுத்தே பழக்கினேன். கத்தினால் வேறு யாரையோ திட்டுகிறாய் என்று நினைத்துக்கொள்வான். குனிந்து காதோடு சொல், உட்காருவான். உடனே ஒரு ரொட்டித் துண்டு கொடு. பிறகு "இரு" என்று சொல்லிவிட்டுப் போய் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள். அங்கிருந்து மெல்ல "தேடு" என்றால் ஓடி வந்து கண்டுபிடிப்பான். அதுதான் அவனுக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு. உன் தொப்பை வெளியே தெரியாத மரமாகப் பார்.

ரொட்டி குண்டனுக்கு. நீ தின்றுவிடாதே.

இன்னொன்று. நேற்றுச் சண்டைக்குப் பிறகு நான் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தேன். யாரும் "தேடு" என்று சொல்லாமலே குண்டன் வந்துவிட்டான். அவனைக் கொடுத்துவிட்டால், அடுத்த சண்டைக்கு நீதான் மாடி ஏற வேண்டும். வந்தால் மெதுவாகவே கூப்பிடு. எனக்கும் அதுதான் பழக்கம்.