வெட்டி எடுத்த கொக்கி

பிப்ரவரி 9

இழப்பீடு கேட்டதற்குக் கம்பெனியின் பதில் வந்துவிட்டது. தொழிலாளி தானாகவே பாதுகாப்பு மூடியைத் தூக்கிவிட்டு வேலை செய்தார், விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. அட்டை வெட்டும் மெஷினில் என் கணவரின் மூன்று விரல்கள் போனதற்கு ஒரே ஒரு வரி.

இவரோ, “மூடியத் தூக்குனது நான்தானே” என்கிறார். எனக்கு எரிச்சல் அவர்கள்மேலா, இவர்மேலா?

பிப்ரவரி 10

துருவித் துருவிக் கேட்டேன். ஒவ்வோர் அட்டைக்கும் மூடியை ஏற்றி இறக்கினால் பாதி வேலைகூட முடியாதாம். அதனால் மேனேஜரே எல்லா மெஷினுக்கும் மேலே ஒரு கொக்கி பற்றவைத்துக் கொடுத்தாராம். காலையில் மூடியை அதில் மாட்டிவிட்டுத்தான் வேலை.

“இத ஏன் முதல்லயே சொல்லல?”

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

எல்லாருக்கும்! அந்த எல்லாரும் இப்போது எங்கே?

பிப்ரவரி 16

ஒட்டகத்தைப் பார்க்கப் போனேன். அவர் உயரத்துக்கு இவர் வைத்த பெயர். பக்கத்து மெஷின், பழைய சிநேகம். வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்.

“அடிபட்ட மறுநாளே கொக்கியெல்லாம் வெட்டிட்டாங்க அண்ணி. பெயின்ட்டும் அடிச்சாச்சு. இப்ப மூடிய இறக்கித்தான் ஓட்டுறோம்.”

“அதையே வந்து சொல்லுங்களேன்.”

“எனக்கும் புள்ளகுட்டி இருக்கு.”

“இவ்ளோ உசரம் இருந்து என்ன, முதுகெலும்பு இல்லையே!” என்று கத்திவிட்டு வந்தேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும்.

மார்ச் 3

இன்றும் விசாரணை தள்ளிப்போனது. கம்பெனி வக்கீலுக்குக் காய்ச்சலாம்.

மார்ச் 20

சட்டைப் பொத்தான் போடப் போனேன். கையைத் தட்டிவிட்டார். “கவனமில்லாதவனுக்கு எதுக்குச் சட்டை?”

அவர்கள் எழுதியதை இவரே நம்பத் தொடங்கிவிட்டார். இழப்பீடு வேண்டும், இல்லையென்று சொல்ல நான் துறவி இல்லை. ஆனால் அதற்கும் முன்னால் - தப்பு யாருடையது என்று ஒருவராவது இவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். அது பேராசையா?

ஏப்ரல் 22

இழப்பீட்டு அதிகாரி மெஷினை நேரில் பார்க்க வந்தார். நாங்களும் போயிருந்தோம். ஓட்டிக் காட்ட மேனேஜர் நிறுத்தியது ஒட்டகத்தை!

ஒட்டகம் அட்டை வைக்க மூடியைத் தூக்கினார். தலைக்கு மேலே எதிலோ மாட்டுவதுபோல் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். மூடி டமாரென்று விழுந்தது.

“எதுல மாட்டப் பாத்தீங்க?” என்றார் அதிகாரி.

“கொக்கில சார். கைப்பழக்கம்.”

அதிகாரி ஸ்டூல்மேல் ஏறி, புதுப் பெயின்ட்டைச் சாவியால் சுரண்டினார். பிறகு அடுத்த மெஷின். அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் அதே இடத்தில் வெட்டிய தழும்பு.

ஜூன் 11

ஆணை வந்தது. பொறுப்பு நிர்வாகத்துடையது. இவர் என்னை மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தான் போடச் சொல்லி முன்னால் வந்து நின்றார்.

சாயங்காலம் ஒட்டகம் வந்தார். அவரை மெஷினிலிருந்து எடுத்து, அட்டைக் கட்டுத் தூக்கப் போட்டுவிட்டார்களாம். காபியைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்: “கொக்கிய வெட்டி மூணு மாசம் மூடிய இறக்கித்தானே ஓட்டுனீங்க? அப்புறமுமா கைப்பழக்கம் போகல?”

அவர் ஒரு வாய் குடித்தார்.

“சக்கர கொஞ்சம் கம்மி அண்ணி.”

இன்னொரு ஸ்பூன் போட்டேன்.