மூன்றாவது மைக்

பிப்ரவரி 3

இன்று மூன்றாவது மைக் வந்து இறங்கியது. செருப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிற மனுஷன் என் வீட்டுக்காரர். இரண்டே மாதத்தில் மூன்று மைக். சோழியன் குடுமி சும்மா ஆடாது.

"பழசு ரெண்டும் சரியில்லம்மா. மேல போறப்ப பிசிறடிக்குது" என்கிறார்.

பிசிறடிப்பது மைக்கா, நானா?

தைராய்டு ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகிறது. "பேச்சு வந்துடுச்சு. பாட்டு போகப் போகத்தான் தெரியும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சு வந்ததுதான், ஆனால் ஒரு படி கீழே இறங்கி வந்திருக்கிறது. நான் இருப்பதோ குடிநீர் வாரியத்தில் தொலைபேசிப் புகார்ப் பிரிவு. "தண்ணி வரலைங்க சார்" என்கிறார்கள். சார்!

கலைந்து போயிருந்த எங்கள் பழைய பாட்டுக் குழுவைக் கீபோர்டுக்காரர் மறுபடி கூட்டுகிறார். பழைய ஆட்களும் இந்த மாதத்துக்குள் வீட்டிலிருந்தே ஒரு பாட்டைப் பதிவு செய்து அனுப்ப வேண்டுமாம். பாடாமல் இருந்த இந்த ஆறு மாதம் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். இது கிடைக்காவிட்டால் இனி பாட்டு கிடையாது, புகார்தான்.

பிப்ரவரி 5

துணி அலமாரியைத் திறந்து வைத்து, அதன் முன்னால் நின்று பாடினேன். துணி எதிரொலியைக் குடித்துவிடுமாம். சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் குரல் இரண்டாக உடைந்தது.

"மைக் தள்ளி இருக்கு" என்றார் இவர். கிட்டே வைத்தார், உடைந்தது. "ரொம்பக் கிட்ட வந்துடுச்சு" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடுகிறவள் வாயைத் திறக்கவில்லை, பார்க்கிறவர்தான் கூடத்தை இடித்து இடித்துக் கட்டுகிறார்.

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். கேட்டுவிட்டு "நல்லாத்தானே இருக்கு அண்ணி" என்றாள். நான் டீ எடுத்துக்கொண்டு வருவதற்குள் அண்ணனும் தங்கையும் குசுகுசுவென்று என்னவோ பேசினார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு வெயிலுக்குத் தாவியது. பிப்ரவரியில் என்ன வெயில்?

பிப்ரவரி 6

இன்றும் நான் சார்தான்.

பிப்ரவரி 9

இவர் கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவர். "இது தெளிவா, அது தெளிவா?" என்று லென்ஸை மாற்றி மாற்றிப் போடுவதுதான் நாள் முழுக்க வேலை. ஒரே லென்ஸை இரண்டு தரம் போட்டாலும் சிலர் இரண்டாவதுதான் பளிச்சென்று இருப்பதாகச் சொல்வார்களாம். மாற்றிய மனுஷன் மனம் நோகக் கூடாதே என்று! அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இன்று அதே வித்தையை அவரிடமே காட்டினேன். ஒரே பதிவை இரண்டு தடவை ஓட்டினேன். முதலாவது பழைய மைக், இரண்டாவது புதுசு என்றேன்.

"ரெண்டாவது! கண்ணாடி மாதிரி இருக்கு!"

மாட்டினார். ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. எதுவரை போகிறார் என்று பார்க்கலாம்.

பிப்ரவரி 12

கடைக்கு நானும் போனேன். கண்ணாடி மாதிரி இருந்த மைக்கை இப்போது திருப்பிக் கொடுத்துவிட்டு, அதைவிட உசத்தியானது வேண்டுமாம். கடைக்காரப் பெண் என்னைப் பார்த்து, "பாடறது நீங்கதானேக்கா? ஒவ்வொண்ணுலயும் நாலு வரி பாடிப் பாருங்க" என்றாள்.

"அதெல்லாம் வேணாம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று இவர் குறுக்கே விழுந்தார்.

ஏன்? நான் பாடினால் கடைக் கூரை பெயர்ந்து விழுந்துவிடுமா? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

பிப்ரவரி 15

என்ன எழுதுவது.

புது மைக்கில் பாடி முடித்தேன். "நீ போய் உக்காரு, கொஞ்சம் சரி பண்ணிட்டுக் கூப்பிடறேன்" என்றார். கூப்பிட்டார், போட்டார். என் குரல்! மேலே போய் நின்ற இடத்தில் ஒரு கீறல் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். இவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவி மனுஷனை என்னவெல்லாம் சந்தேகப்பட்டேன்!

இவரே கீபோர்டுக்காரருக்கு அனுப்பியும் விட்டார்.

பிப்ரவரி 16

காலையில் குளிக்கும்போது அதே வரியைப் பாடினேன். உடைந்தது.

மைக் இல்லாவிட்டால் உடைகிறது, இருந்தால் உடையவில்லை. அது மைக்கா, மருந்தா?

மத்தியானம் கீபோர்டுக்காரர் போனில் வந்தார். "குரல் அப்படியே இருக்கேம்மா! தனிப் பாட்டு ரெண்டும் உங்களுக்குத்தான். மார்ச் ரெண்டு, ஒத்திகைக்கு வந்துடுங்க." ஆறு மாதமாகக் கேட்கத் தவித்த சொல். ஆனால் ஒத்திகையில் எல்லார் முன்னாலும் வாயைத் திறந்து பாடியாக வேண்டுமே.

பிப்ரவரி 18

இவரிடம் சொல்லாமல் ஒரு நல்ல ஹெட்போன் வாங்கினேன். அலுவலக இடைவேளையில் காதில் மாட்டிக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்டேன். பாட்டுக்குப் பின்னால் மெலிசாக ஒரு சத்தம். வீட்டு ஸ்பீக்கரில் இது கேட்கவே இல்லை. டர்ர்ர்... நிற்கிறது. மறுபடி டர்ர்ர்.

தையல் மெஷின். மாடிவீட்டுத் தையல்கார அம்மாவின் மோட்டார் மெஷின்.

அந்த அம்மா என் ஆபரேஷனுக்கு முந்தைய மாதமே காலி செய்துகொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு மாடிக்கு யாரும் குடி வரவில்லை. அப்படியும் மனசு கேட்காமல், சாயங்காலம் ஏறிப் போய்ப் பார்த்தேன். பூட்டில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறது.

அப்படியென்றால் அது போன வருஷத்துக் குரல். நான் இப்போது பாடியது அதில் இல்லவே இல்லை.

வேலை முடிந்து வந்த இவரிடம் ஹெட்போனை நீட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டார். முகம் செத்துப்போச்சு.

"உன் பழைய போன்ல இருந்துது. ஒரு தடவை கேட்டா உனக்குத் தைரியம் வரும்னு நெனச்சேன். அவருக்கு அனுப்பினது தப்புதான்."

பழைய போன்! மைக்கின் மகிமை என்று நான் அழுதது மூலையில் கிடக்கிற ஓட்டை போனில் எடுத்த பதிவைக் கேட்டு!

"ஏமாத்தறதுக்கு உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலையா? இந்தக் குரல் உங்களுக்குப் பிடிக்கலைன்னா வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"பிடிக்கலைன்னு யார் சொன்னா?"

"அப்புறம் எதுக்கு?"

ஹெட்போன் வயரை விரலில் சுற்றினார். அப்புறம், "ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான்தானே" என்றார்.

கோபமும் போகவில்லை, திட்டவும் வரவில்லை. விளக்கை அணைத்துப் படுத்துவிட்டேன்.

பிப்ரவரி 19

நாத்தனார் போன் செய்து அழுதாள். "அன்னிக்கே சொன்னேன் அண்ணி, இந்த வேலையெல்லாம் வேணாம்னு. அண்ணன் கேக்கலை." குசுகுசு இதுதானாம். இருக்கட்டும். ஆளாளுக்கு என் தொண்டையைப் பற்றி மாநாடு போட்டிருக்கிறார்கள், என்னைத் தவிர.

பிப்ரவரி 22

அந்த மைக்கைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கடைக்குப் போனேன். எல்லாவற்றிலும் பாடிப் பார்க்க வேண்டும் என்றேன். முதல் வரியிலேயே கடையில் இரண்டு தலை திரும்பியது. திரும்பட்டும்.

உசத்தி மைக் ஒவ்வொரு கரகரப்பையும் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டியது. கடைசியில் மேடையில் கையில் பிடித்துப் பாடுகிற சாதாரண மைக் ஒன்றை அந்தப் பெண் கொடுத்தாள். அதில் குரல் கனமாக, ஒரே சீராக விழுந்தது.

"எந்த மைக்கும் குரலை மாத்தாதுக்கா. சிலது குத்திக் காட்டும், சிலது அனுசரிச்சுப் போகும்" என்றாள். "சுருதியை மட்டும் கொஞ்சம் இறக்கிக்குங்க. எதுக்கு மேல போய் மல்லுக்கட்டறீங்க?"

விலை குறைந்ததை எடுத்துக் கொடுப்பவள் மேல் எப்படிச் சந்தேகப்படுவது? அதற்கும் ஒரு காரணம் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

பிப்ரவரி 24

சுருதியை இறக்கி, நானே மைக்கை வைத்து, நானே பதிவு செய்தேன். இவரை அறைக்குள் விடவில்லை.

அழகாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். உடையவில்லை. கீபோர்டுக்காரருக்கு அனுப்பி, கீழே எழுதினேன்: "முதலில் வந்தது ஆபரேஷனுக்கு முந்தைய குரல். என் குரல் இப்போது இதுதான். தவறாக நினைக்க வேண்டாம்."

பிப்ரவரி 25

கேட்டுவிட்டார் என்று போனில் நீல டிக் காட்டுகிறது. பதில் இல்லை.

பிப்ரவரி 26

இல்லை. என்னை மோசக்காரி என்று எல்லாரிடமும் சொல்லியிருப்பாரோ?

பிப்ரவரி 28

கூப்பிட்டார். "கோவிச்சுக்காதீங்க. அந்த ரெண்டு பாட்டையும் வேற பொண்ணுக்குக் குடுத்துட்டேன்" என்றார். "ஆனா நீங்க வாங்க."

"பரிதாபமா சார்?"

"பரிதாபப்பட எனக்கு நேரம் ஏதும்மா? கீழ்க் குரல் பாட ஆளே இல்லாம அல்லாடிக்கிட்டு இருக்கேன்."

பொய்யா, நிஜமா? தெரியவில்லை. போவேன்.

மார்ச் 2

அந்தப் பெண் மேலே பாடினாள். நான் ஆசைப்பட்ட இரண்டு பாட்டும் அவள் வாயில். வயிற்றெரிச்சல் இல்லை என்று எழுதினால் அது பொய். இரண்டாவது பாட்டில் அவளுக்குக் கீழே என் குரலைப் போட்டார்கள். நடுவில் கீபோர்டுக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். தப்பு செய்துவிட்டேனோ என்று பதறினேன். "ஒண்ணுமில்ல, கேட்டுக்கிட்டு இருந்தேன். மறுபடி பாடுங்க" என்றார்.

இவர் உள்ளே வரவில்லை. இத்தனை நேரமும் வராந்தாவிலேயே நின்றிருக்கிறார். வரும் வழியில் கேட்டேன்:

"என் குரல் வெளிய கேட்டுதா?"

"கேட்டுது."

"நான்தான்னு தெரிஞ்சுதா?"

தயங்கினார். "மொதல்ல தெரியலை. யாரோன்னு நெனச்சேன். யாரு இவ்வளவு நல்லாப் பாடறதுன்னு எட்டிப் பார்த்தேன். நீ."

பொய் சொல்ல நினைத்திருந்தால், "உடனே தெரிஞ்சுதும்மா" என்றுதான் சொல்லியிருப்பார். எனக்கு இவரைத் தெரியாதா? நடுத் தெருவில் நின்று அழுதேன். நம்பிவிட்டேன்.