செல்லம்மாவின் நிரையில் லேயாள்

1955 மே 12, வியாழன்

விடிந்ததிலிருந்து மூடுபனி. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையே தெரியவில்லை, பிள்ளைகளுக்கு அதில் ஒரே கும்மாளம். தகரக் கூரை ஓட்டை இன்னும் அடைபடவில்லை.

செய்ய வேண்டியவை: ஜெபவீட்டுப் பாய்களை வெயிலில் போட (வெயில் எங்கே?). விளக்குத் திரி. மேசை விரிப்பு துவைக்க. 22ஆம் தேதி ஞாயிறு போதகர் வருகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திருவிருந்து.

லேயாள் கொழுந்து எடுத்துவிட்டு மலையிலிருந்து வந்ததும் சொன்னேன். கூடையை இறக்கிக்கொண்டே, "இந்தத் தடவ நானும் வாரேங்க" என்றாள்.

எங்கள் சின்னவனைப் புதைத்த பிறகு அவள் திருவிருந்து அப்பம் வாங்கவில்லை. ஒரு வருஷம். கடைசி வரிசையில் உட்காருவாள், பாடுவாள், அப்பம் எடுக்கும் நேரம் எழுந்து வெளியே போய்விடுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கப் பயம். இன்று அவளாகவே சொல்கிறாள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். வேறென்ன எழுத.

மே 14, சனி

தூறல். கொழுந்து முத்துகிறதாம், நாளை ஞாயிறும் மலையில் வேலை என்று காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில், வேலை பிரிக்கிற கண்டாக்கையா சொல்லிவிட்டார். சபைக்காரருக்கு மட்டும் விலக்கு, பழைய துரை காலத்து ஏற்பாடு. மற்றவர்கள் யார் வராவிட்டாலும் அவர்களுடைய செடி நிரை வேறு ஆளுக்கு.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற செல்லம்மாவுக்குத்தான் வந்தது வினை. விறகு பொறுக்கப் போன இடத்தில் கவ்வாத்து வெட்டிய செடியின் கூர்க் குச்சி காலில் ஏறி, கால் வீங்கிக் கிடக்கிறது. புருஷன் இல்லை. எத்தனையோ வருஷமாக அவள் கொழுந்து எடுக்கிற நிரை, லேயாளின் நிரைக்கு அடுத்தது. அது போனால் கூலி குறைந்த புல்லு வெட்டப் போட்டுவிடுவார்கள்.

"அவ நிரையில நான் நிக்கிறேன். கண்டாக்கையாகிட்ட சொல்லிட்டேன்" என்றாள் லேயாள்.

"ஞாயித்துக்கிழமையா?"

"அவ காலு கிழம பாத்தா வீங்குச்சு?"

நாளைய பிரசங்கத் தாளை எடுத்து மடித்து வைத்தேன். உபதேசியார் என்று பேர்.

மே 15, ஞாயிறு

பிரசங்கம் ஓய்வுநாளைப் பற்றி. போன வாரமே தயாரித்தது. மாற்றியிருக்கலாம், மாற்றத் தைரியம் வரவில்லை. ஜன்னலுக்கு நேரே எதிர்மலை. நனையாமல் இருக்க இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டிய பெண்கள் வரிசையாக. அதில் லேயாள் எது என்று கண்டுபிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு என்ன பேசினேனோ.

சாயங்காலம் வந்தவள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். கட்டைவிரல் கறுத்துப்போயிருந்தது, கொழுந்துக் கறை. எழுந்ததும் விறகு, தண்ணீர், அரிசி. "ஓய்வுநாள்னு சொல்றீங்களே, அது பொம்பளைக்கு என்னைக்குங்க?" என்று சிரித்தாள். சிரித்துத்தான் கேட்டாள்.

மே 18, புதன்

பஸ்ஸில் டவுனுக்கு. திரி, சாக்கட்டி, செல்லம்மாவுக்குப் புண் மருந்து. போதகர் வீட்டுக்கும் போனேன். செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கிறது, யார் வாயோ.

"உம்முடைய மனைவி ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுத்தாராமே?"

எடுத்தாள் என்றேன். செல்லம்மாவின் காலைச் சொன்னேன். நிரையைச் சொன்னேன்.

"இரக்கம் நல்லதுதான், உபதேசியாரே. ஆனால் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிறவர்களுக்கு இந்த முறை திருவிருந்து இல்லை. உம்முடைய வீட்டுக்கே விலக்குக் கொடுத்தால் நாளைக்கு மற்றவர்களை எப்படிக் கேட்பீர்?"

சின்னவனைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வருஷத்தைச் சொல்லியிருக்க வேண்டும். "சரிங்கய்யா" என்றேன். சரிங்கய்யா! பஸ் முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். மருந்தை மட்டும் மறக்காமல் கொடுத்தேன்.

மே 19, வியாழன்

மழை. பிள்ளைகள் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களை வாய்ப்பாடு சொல்ல விட்டுவிட்டு வேதத்தைப் புரட்டினேன். ஓய்வுநாளில் வயல் வழியே நடந்த சீஷர்கள், பசி, கதிரைக் கொய்து தின்கிறார்கள். பார்த்தவர்கள் குற்றம் சொல்ல, ஆண்டவர் சீஷர்கள் பக்கம் நிற்கிறார்.

அவர்கள் கொய்தது கதிர், லேயாள் கொய்தது கொழுந்து. அதுவும் தனக்கில்லை. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. போதகர் என்னைவிடப் படித்தவர், அவருக்குத் தெரிகிறது போல. இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். சொல்வேனா? பள்ளிக்கூடமும் இந்தக் காம்பராவும் அவர் கொடுத்தது.

லேயாளிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 21, சனி

விடாத மழை. திருவிருந்துக்கு வருகிறவர்கள் முந்தின நாள் என்னிடம் பேர் கொடுப்பது வழக்கம். ஒவ்வொருவராக வந்து போனார்கள், தரையெல்லாம் சேறு.

எல்லோரும் போன பிறகு லேயாள். அடுப்படி வழியாக வராமல் சுற்றிக்கொண்டு முன்வாசலில் வந்து நின்றாள், மற்றவர்களைப் போலவே, முக்காடு போட்டு. நாளைக்கென்று துவைத்த வெள்ளைச் சேலை கொடியில் தொங்குகிறது.

"உபதேசியாரே, லேயாள். பேர் எழுதிக்கிறீங்களா?"

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

சொன்னேன். வேறு வழியில்லாமல் சொன்னேன்.

"அதாங்க நாலு நாளா மூஞ்சிய தூக்கி வச்சிருந்தீங்க" என்றாள். முக்காட்டை இறக்கினாள். "நீங்க ஐயாகிட்ட என்ன சொன்னீங்க?"

என்ன சொன்னேன் என்று சொன்னேன். கொடியிலிருந்த சேலையை எடுத்து, ஈரத்தோடேயே மடித்தாள். அழுதிருந்தால் தேவலை.

மே 22, ஞாயிறு

மழை விட்டிருந்தது. இன்றைக்கும் மலை. செல்லம்மா காலில் துணி சுற்றிக்கொண்டு அவளே போய்விட்டாள், நிரை தப்பியது.

ஆராதனைக்கு நேரமாகிறது, போதகரைக் காணோம். கார் கடைசி வளைவில் சேற்றில் புதைந்துவிட்டது என்று ஆள் வந்தது. ஓடினோம். ஆண்கள் தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. கங்காணி மலையைப் பார்த்துக் கூப்பிட்டார். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளை இறக்கிவிட்டு வந்தார்கள். செல்லம்மா நொண்டிக்கொண்டு வந்தாள். லேயாளும் ஜெபவீட்டிலிருந்து இறங்கி வந்து கூட நின்று கைகொடுத்தாள். போதகர் திருவிருந்துப் பெட்டியை மடியில் பிடித்தபடி உள்ளேயே இருந்தார், திராட்சரசம் சிந்திவிடக் கூடாதே. கார் சேற்றிலிருந்து மேலே ஏறியது. கண்ணாடியை இறக்கி, "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக" என்றார். பெண்கள் கூடைகளை எடுத்துக்கொண்டு மேலே போனார்கள்.

இப்போதாவது சொல்வேன் என்று நினைத்தேன். 'ஐயா, இவர்கள் இப்போது செய்தது வேலையில்லையா?' வாய் வரை வந்தது. காருக்குப் பின்னால் நடந்தேன்.

லேயாள் பீலித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அப்பம் எடுக்கும் நேரம் இந்த முறை அவள் வெளியே போகவில்லை. இருந்த இடத்திலேயே முழங்காலிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் வாங்கினேன்.

"உம்முடைய சபை ஒழுங்காக இருக்கிறது" என்றார் போதகர், காரில் ஏறும்போது. நன்றி சொன்னேன்.

மாலை. லேயாள் அடுப்படியில். என்னவாவது சொல்லலாம் என்று வாசலில் போய் நின்றேன். திரும்பாமலே கேட்டாள்:

"ஐயா வண்டி போயிருச்சா? இல்ல, நாங்க மறுபடி வந்து தள்ளணுமா?"

போய்விட்டது என்றேன்.

அவள் கூடைக் கயிறு அறுந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைதான், இருக்கட்டும். எடுத்து வைத்துக்கொண்டு கட்டிப் பார்க்கிறேன், முடிச்சு நிற்க மாட்டேன் என்கிறது.