கழற்றி வைத்த மெத்தைப் பட்டை

அன்புள்ள தத்துக்கிளிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் தம்பியும் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கப்போவதில்லை, உன் இடது குதிகாலின் லட்சணத்தை வீடியோவிலேயே பார்த்துவிட்டேன். ஃபோனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுகிறாய், நானும் கத்திவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். கடிதத்துக்கு நடுவில் நீ குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து கடைசி வரை படி.

நீ கோலூன்றித் தாண்டிய அந்த வீடியோவை வீட்டில் மூன்று பேரும் பார்த்தோம். அம்மா உன் முகத்தைப் பார்த்தாள், போன தடவையைவிட எவ்வளவு உயரம் கூட என்று தம்பி பார்த்தான். முப்பது வருஷமாக சோபா தைக்கிறவன் நான், என் கண் நேராக மெத்தைக்குத்தான் போனது. அது என்ன மெத்தையா? இரண்டு துண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு நீலக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள், நடுவில் ஒரு கால் முழுசாக இறங்குகிற அளவுக்கு இடைவெளி, மேலே மூடுகிற விரிப்பு இல்லை. நீ எழுந்து போன பிறகும் விழுந்த இடம் பள்ளமாகவே கிடக்கிறது. மேலெழும்பி வராத ஃபோம் செத்துப்போன ஃபோம், அதில் நான் ஒரு ஸ்டூலுக்குக்கூட உறை போட மாட்டேன். என் பெண் அதன் மேல் மாடி உயரத்திலிருந்து விழுகிறாள்.

அதைக்கூட உன் கோச் தலையில் போட்டுவிடலாம். கோலை ஊன்றுகிற குழியைச் சுற்றி ஒரு மெத்தைப் பட்டை இருக்க வேண்டுமே, அது எங்கே என்று தேடினேன். குழியின் இரும்பு விளிம்பு மொட்டையாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது தடவை தாண்டும்போது நீ மெத்தை வரை போய்ச் சேராமல் முன்னாலேயே இறங்கி, குதிகால் அந்த விளிம்பில் அடித்து, நொண்டிக்கொண்டே கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாய். குதிகால் பட்ட இடத்தில் தலை பட்டிருந்தால் அந்த வீடியோவை எங்களுக்கு யார் அனுப்பியிருப்பார்கள்? அடுத்து நீ அனுப்பிய போட்டோவில் பட்டை கிடைத்துவிட்டது. வேலி ஓரத்தில் அதைப் போட்டு, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கத்தரிக்கோலை வீசிவிட்டேன், ஒரு வாடிக்கையாளரின் புது ரெக்சின் கிழிந்துபோனது.

ஃபோனில் நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? கோல் வளையறப்ப அது உரசுதுப்பா, இடைஞ்சலா இருக்கு, எல்லாரும் கழட்டி வெச்சுட்டுத்தான் தாண்டறாங்க என்றாய். கோச் ஒண்ணும் சொல்லல என்றாய். உன் கோச்சுக்குக் கண் என்ன பிடரியிலா இருக்கிறது? உரசினால் சரியான பட்டைதானா, சரியாகத்தான் போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். அதைப் பிடுங்கி ஆசனமாக்குவதா? வீடியோ முடிகிற இடத்தில் பின்னால் இன்னொரு பெண் கோலைத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக நிற்கிறாள். யார் பெற்ற பெண்ணோ, நீ தாண்டியதைப் பார்த்த தைரியத்தில் நிற்கிறாள்.

நானே ஒரு பட்டை தைத்து அனுப்பிவிடுவேன் என்று கனவு காணாதே. எனக்குத் தைக்கத் தெரியும், ஆனால் தைக்க மாட்டேன். சோபாவில் உட்காருகிறவர் கணக்கு வேறு, வானத்திலிருந்து விழுகிறவள் கணக்கு வேறு. அதைச் சோதித்துப் பார்த்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் செய்த பட்டையும் உங்கள் மைதானத்திலேயே இருக்கிறது. எடுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

இனி எழுதப்போவதை எழுத மூன்று நாள் ஆனது. அன்றைக்கு ஃபோனை வைத்த பிறகும் வீட்டில் நான் அடங்கவில்லை. புத்தியுள்ள எவளாவது தன்னைக் காப்பாற்றுகிற ஒன்றைத் தன் கையாலேயே கழற்றுவாளா என்று கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே போய் பட்டன் டப்பாவைக் கொண்டுவந்து, அதிலிருந்து நான்கு ஸ்க்ரூக்களை எடுத்து என் முன்னால் வைத்தாள். பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்தது.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, நான் அப்போது வேலை பார்த்த சோபா ஃபேக்டரியில் ஃபோம் வெட்டுகிற மெஷினில் என் இரண்டு விரல்கள் போயின. மெஷினில் கோளாறு என்று எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடமும் அதைத்தான் சொன்னேன். அது பொய். பிளேடுக்கு முன்னால் ஓர் இரும்புத் தடுப்பு இருக்கும். அது ஃபோமில் போட்ட சாக்பீஸ் கோட்டை மறைக்கிறது, வேலை ஓடமாட்டேன் என்கிறது என்று அன்று காலையில் நானே அதைக் கழற்றினேன். எல்லாரும் கழற்றிவிட்டுத்தான் வெட்டினார்கள். நான்கு ஸ்க்ரூவையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சட்டையிலிருந்த ரத்தத்தை அலசும்போது அம்மா அவற்றைப் பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு நாள் உன்னை ஃபேக்டரிக்குக் கூட்டிப்போனேன். எங்கப்பாவைக் கடிச்ச மெஷினு என்று அழுதுகொண்டே அதை எட்டி எட்டி உதைத்தாய். சுற்றி நின்றவர்கள் கண் கலங்கினார்கள். நான் தடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். உதை வாங்க வேண்டியவன் நான்தான்.

அடுத்த வாரம் போட்டி என்று தெரியும், அதற்காக எவ்வளவு உழைத்தாய் என்றும் தெரியும். பட்டையைப் போடாமல், மெத்தைகளை இடைவெளியில்லாமல் சேர்த்துக் கட்டி மேலே மூடாமல் நீ அந்தப் பாதையில் ஓடக்கூடாது. கோலில் எழுதியிருக்கும் எடை உன் எடைக்குக் குறைவாக இருந்தால் தொடாதே. ஓட்டத்தில் அடி தப்பினால் கோலை ஊன்றாமல் அப்படியே ஓடி நின்றுவிடு, சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். குதிகாலை டாக்டரிடம் காட்டு. காட்டிவிட்டேன் என்று எனக்குக் கதை விடாதே.

தம்பி நீ ஓடப் போட்டுக்கொள்கிற பழைய ஷூவைக் கேட்கிறான், அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நீ எத்தனை உயரம் போனாலும் முழுசாகக் கீழே வந்து சேர வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு ஆசீர்வாதம் தெரியாது. உறைக்குள் ஒரு ஸ்க்ரூ வைத்திருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள். பட்டை குழியைச் சுற்றிக் கிடக்கிற போட்டோ வந்து சேரும்வரை உன்னோடு வேறு பேச்சு இல்லை.

இதை முழுவதும் அம்மாவிடம் படித்துக் காட்டி, நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். நான் அன்னைக்கே உங்களைக் கேட்டிருக்கணும்னு எழுதுங்க என்றாள்.

எட்டு விரலால் இதை எழுதிய,
உன் அப்பா.