மாலை சூடிய மோட்டார்ப் பெட்டி

கல்லிடைக்குறிச்சி
சனிக்கிழமை

அன்பு மகள் சித்ரலேகாவுக்கு,

தாமிரபரணிக் கரையின் அப்பளச் சக்கரவர்த்தி, உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் ஆற்றில் தண்ணீரும் சௌக்கியம், ஜெர்மனிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க காந்திமதி அம்மன் துணை. நீ செய்து அனுப்பிய மோட்டார்ப் பெட்டி வந்து சேர்ந்தது. கடையில் நான் பார்த்த பெட்டியை இறக்க நாலு யானை வேண்டும், உன்னுடையதை ஒற்றைக் கையில் தூக்கினேன். உங்க மக காலிப் பெட்டியை அனுப்பிட்டாளேன்னு சித்தி முகம் சுளித்தாள். நான் மகா பண்டிதனாக விளக்கினேன், மற்றதெல்லாம் ஏசி கரண்டை டிசியாக்கித் தேக்கிவைத்து மறுபடி ஏசியாக்கும், இது தேக்காமல் நேரே மாற்றி மோட்டாரை வேண்டிய வேகத்தில் ஓட்டும் என்று. அப்ப கரண்டு தடுமாறினா கைகுடுக்க ஆளில்லையேன்னு அவள் கேட்டாள். நீ பயந்ததும் அதுதானே.

நம்மிடம் மாவு இடிக்கும் சுடலைவடிவுக்குத் தோள் போய்விட்டது, கை தலைக்கு மேல் எழும்பவில்லை. மாவு இடிக்கிற எந்திரத்தின் பழைய மோட்டாருக்கோ ஒரே வேகம், போட்டவுடன் உளுந்து மாவு பறந்து பொதிகை மலையே வெளுத்தது. உன் பெட்டியும் தோற்றால் அவள் மறுபடி உலக்கை தூக்க வேண்டும். ஆகவே நேற்று பெரிய பூசை. சித்தி பெட்டி முழுக்கச் சந்தனம் அப்பினாள், நான் தேருக்கே பெரிதான சம்பங்கி மாலையைச் சுற்றினேன். மோட்டார் முதலில் பைய நடந்தது, மாவு சேர்ந்ததும் புலியாகப் பாய்ந்தது, பிறகு பொசுக்கென்று நின்றுவிட்டது. சுடலைவடிவு மூலையில் கிடந்த உலக்கையைப் பார்த்தாள். கரண்டுதான் தடுமாறியிருக்கும், பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று நான் காகிதமும் பேனாவும் தேடினேன். அப்போது சித்திதான், ஏங்க, இப்பக் கட்டின பூ அதுக்குள்ள அவிஞ்சு கிடக்கேன்னு மாலையைத் தூக்கினாள். பெட்டி கொதிக்கிறது! காற்றுப் போகிற ஓட்டையெல்லாம் எங்கள் பக்தி அடைத்திருந்தது.

துடைத்து, ஆறவிட்டுப் போட்டோம், ஓடியது. பக்கத்து ரைஸ்மில் கிளம்பியபோது விளக்கெல்லாம் மங்கி உன் பெட்டியும் ஒரு நொடி கண்ணை மூடியது, தானே எழுந்து மறுபடி ஓடியது. சுடலைவடிவு உலக்கையைக் கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டாள். ஏட்டி, இனிமேல் பயப்படாதே, வேளைக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு விடாதே.

நீ நூறு வயசு நல்லா இருக்கணும். ஒன்று மறவாதே, மாலை போடாதே என்றால் உன் சித்தி கேட்கமாட்டாள், அதனால் அடுத்த பெட்டியின் தலையில் ஓட்டைகளுக்கு எட்டாமல் ஒரு கொக்கி வை.

இப்படிக்கு,
அப்பளச் சக்கரவர்த்தி,
உன் சித்தப்பா நாறும்பூநாதன்