கரண்ட் காகிதத்துக்குக் கேட்ட பேர்

அன்புள்ள அம்மாவுக்கு, திருவொற்றியூரிலிருந்து காத்தாயி கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உன் கால் வீக்கம் வடிந்ததா?

நான் சமைக்கிற வீட்டில் அடுப்படியை இடித்துப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். புது வயரிங் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க நேற்று இன்ஸ்பெக்டர் வந்தார். காகிதத்தில் போட வீட்டுக்காரர் பேரைக் கேட்டார். ஐயா கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா நீலாக்கா, புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டாள். வெட்கப்பட்டுச் சிரித்து, "நீ சொல்லேன் காத்தாயி" என்றாள்.

ஐயாவுக்கும் உன் மருமகனுக்கும் ஒரே பேர், அம்மா. அவர் இருந்தவரை நான் அதைச் சொன்னதில்லை. செத்த பிறகும் சொல்லவில்லை. எனக்கு வாய் வரவில்லை.

வயர்மேன் பொன்னுரங்கம், "இன்னாக்கா, பேர் சொன்னா ஷாக்கா அடிக்கும்? சாருக்கு இன்னும் நாலு வூடு கீது" என்றான்.

சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

"இன்னாமா, தோ வந்துட்டேன்" என்று ஐயா ஈரத் துண்டோடு வந்து நின்றார்.

பிறந்ததிலிருந்து முதல்தடவையாக அந்தப் பேரைச் சொன்னேன். வந்தது நீலாக்கா புருஷன். புது அடுப்படிமேல் எனக்குப் பொறாமை இல்லை. சொல்லாமல் வைத்துக்கொள்ள அவளுக்கு ஒரு பேர் இருக்கிறதே, அதற்குத்தான் வயிறு எரிகிறது. நீ அழாதே.

உலை கொதிக்கிறது, முடிக்கிறேன். உன்னிடம் விட்டிருக்கும் பாப்பாவைத் தினம் ஒருதரம் அவள் அப்பா பேரைச் சொல்லச் சொல். ஊருக்கு வரும்போது அவள் சொல்லி நான் கேட்க வேண்டும்.

உன் மகள்,
காத்தாயி